டெண்டரே விடாமல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகள் விற்றுப் பிழைப்பவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் டெண்டர் இல்லாமல் கொடுத்த ஒரு வேலையை எதிர்த்து நானே ஒருமுறை கோர்ட்டுக்குப் போய்த் தோற்றிருக்கிறேன். அதற்குப் பிறகு தொழிலில் இருக்கிற பலரும் போன் போட்டு ஒரே சந்தேகங்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசு, மத்திய அரசு இரண்டையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

டெண்டர் விடாம ஒருத்தருக்கு வேலையைத் தூக்கிக் கொடுக்கிறதே சட்டப்படி தப்புதானே?

எப்போதும் தப்பு என்று சொல்ல முடியாது. டெண்டர் என்பது விதி, நேராகக் கொடுப்பது விதிவிலக்கு. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. மத்திய அரசுத் துறைகளுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். நேராகக் கொடுக்க இரண்டிலும் வழி உண்டு. அந்த வழி குறுகலானது.

இவற்றுக்கெல்லாம் மேலே அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு இருக்கிறது. அரசு தன் பணத்தைத் தனியார் முதலாளி மாதிரி இஷ்டப்பட்டவருக்குக் கொடுக்க முடியாது, எல்லோருக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்பதற்கு அதுதான் ஆதாரம். உங்கள் வழக்கு எந்த விதியில் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

எந்தெந்தக் காரணத்துக்கு நேரா கொடுக்கலாம்?

2006இல் மீரட் மாநகராட்சிக்கும் அல் ஃபஹீம் என்ற இறைச்சி ஏற்றுமதி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அரசு ஒப்பந்தம் என்றால் பொது ஏலம் அல்லது டெண்டர்தான். தனியாகப் பேசி முடிப்பது அபூர்வமான சந்தர்ப்பங்களில் மட்டும். அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணங்கள்: இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசர நிலை, ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள், ஒருவருக்கு மட்டுமே உரிமை இருந்து மாற்றும் இல்லாத நிலை, பலமுறை ஏலம் விட்டும் ஆள் வராமல் போவது அல்லது கேட்பு விலை மிகக் குறைவாக இருப்பது.

மத்திய அரசின் பொது நிதி விதிகளில் 166ஆவது விதி பொருள் வாங்குவதற்கு மூன்று காரணங்களை ஒத்துக்கொள்கிறது. அந்தப் பொருளை ஒரே கம்பெனிதான் தயாரிக்கிறது, அவசரம், ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும். ஆலோசகர்களை அமர்த்துவதற்கு 194ஆவது விதி. அது கொஞ்சம் தாராளமானது. 'அமைச்சகத்தின் ஒட்டுமொத்த நலன்' என்று ஒரு வாசல் அதில் திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த விதியும் முழுக் காரணத்தைக் கோப்பில் எழுதி, அதிகாரம் உள்ளவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. கோப்பு என்ற இந்த வார்த்தை கீழே திரும்பத் திரும்ப வரும். வழக்கே அதில்தான் இருக்கிறது.

இவர் ஒருத்தர்கிட்டதான் கிடைக்கும்னு சொல்றாங்க சார். அதை யாரு முடிவு பண்றது?

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இதற்கு மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு வேண்டும் என்கிறது. வாங்கும் அலுவலகத்தின் தொழில்நுட்ப ஆள் ஒருவர், அதே மாதிரிப் பொருள் வாங்கும், மாநில அரசின் வேறோர் அமைப்பின் தொழில்நுட்ப ஆள் ஒருவர், பெயர் பெற்ற கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்தைப் போன்ற வெளி அமைப்பிலிருந்து ஒருவர். இந்த மூவரும் ஆராய்ந்து, 'ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது' என்று அறிவிக்க வேண்டும்.

நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்தக் குழுவின் அறிக்கையைத்தான். பல நேரம் குழுவே போட்டிருக்க மாட்டார்கள். போட்டிருந்தாலும் மூன்று பேரும் அதே அலுவலகத்தின் ஆட்களாக இருப்பார்கள், அல்லது அறிக்கையின் தேதி பணி ஆணைக்குப் பிந்தியதாக இருக்கும். இதில் ஒன்று கிடைத்தாலும் உங்கள் கை ஓங்கிவிடும்.

மத்திய அரசில் இதற்குப் பதிலாகத் தனியுரிமைப் பொருள் சான்றிதழ் என்று ஒரு படிவம் உண்டு. 'வேறு எந்தத் தயாரிப்பும் மாடலும் ஏற்கத்தக்கதல்ல, ஏனென்றால்...' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த 'ஏனென்றால்' பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'தரமானது', 'நம்பகமானது', 'ஏற்கெனவே பயன்படுத்தித் திருப்தி' என்று மட்டும் இருந்தால் அது காரணமே இல்லை. அந்தப் பொருள் நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. மற்றவை ஏன் உதவாது என்பதுதான் கேள்வி.

அவசரம்னு ஒரு வார்த்தை போட்டுட்டா முடிஞ்சுதா?

வெள்ளம் வந்து ஊரே மூழ்கும்போது போட் வாடகைக்கு எடுக்க டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. அதை எதிர்த்துப் போகாதீர்கள், நீதிபதிக்கும் உங்களைப் பிடிக்காது.

ஆனால் மார்ச் 31ஆம் தேதி முடியும் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31ஆம் தேதிதான் முடியும் என்று கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும். பிப்ரவரி வரை சும்மா இருந்துவிட்டு, மார்ச் 28இல் 'அவசரம்' என்று எழுதினால் அது அவர்களே உண்டாக்கிக்கொண்ட அவசரம். தமிழ்நாட்டு விதிகளில் டெண்டர் போட 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். மேலதிகாரி காரணம் எழுதி அந்தக் காலத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அதாவது, குறுகிய கால டெண்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை ஏன் விடவில்லை என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

இன்னொன்று. அவசரம் என்று வாங்கிய பொருள் எப்போது வந்து இறங்கியது என்று பாருங்கள். ஐந்து மாதம் கழித்து வந்திருந்தால் அதுவே போதும்.

கொடுத்தது தனியாருக்கு இல்லையே, அரசு நிறுவனத்துக்குத்தானே? அதைக் கேட்க முடியுமா?

முடியும். அரசு நிறுவனங்களிடம் டெண்டர் இல்லாமல் வாங்கப் பல விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் விற்பவர் அரசு நிறுவனம் என்பதே முழு விடையாகிவிடாது. உத்தரப் பிரதேச அரசு தேசிய ஆயுஷ் இயக்கத்தின் நிதியில் ஆயுர்வேத மருந்துகளை டெண்டர் இல்லாமல் ஐ.எம்.பி.சி.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்திடம் மட்டும் வாங்கியது. கேரளத்தைச் சேர்ந்த ஓர் ஆயுர்வேதக் கூட்டுறவுச் சங்கம் வழக்குப் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நேராகக் கொடுத்தது 14ஆவது பிரிவுக்குப் பொருந்தும் என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்றது தீர்ப்பு.

உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு அரசாக இருந்தாலும், லாபம் போவது அரசு நிறுவனத்துக்கே என்றாலும், காரணம் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்போ டெண்டர் இல்லைன்னாலே கோர்ட்டு நம்ம பக்கம்தானா?

இல்லை. கொல்கத்தாவில் உயிரியல் பூங்காவின் நிலத்தில் ஒரு பகுதியை ஏலமே இல்லாமல் ஹோட்டல் கட்டக் கொடுத்ததை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பேச்சுவார்த்தை ஒளிவுமறைவில்லாமல் நடந்தது, காரணம் இருந்தது என்றார்கள். 2ஜி தீர்ப்புக்குப் பிறகு 2012 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொல்லும்போதும், இயற்கை வளங்களைக் கொடுக்க ஏலம் ஒன்றே வழி அல்ல என்றார்கள்.

அதனால் 'டெண்டர் விடவில்லை, ஆகவே ரத்து செய்யுங்கள்' என்று நின்றுவிடாதீர்கள். 'டெண்டர் விடாததற்கு அவர்கள் எழுதிய காரணம் இது, அது ஏன் நிற்காது என்றால்...' என்று போக வேண்டும்.

வேலை போனதே மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இதுதான் உண்மையான தலைவலி. டெண்டர் விட்டால் போர்ட்டலில் வரும். விடாவிட்டால் எதுவும் வராது, சத்தமே இருக்காது. உள்ளாட்சி அமைப்பாக இருந்தால் மன்றக் கூட்டத் தீர்மானங்களைப் படியுங்கள். 'அவசர அவசியம் கருதி முன் அனுமதி பெற்றுச் செய்த பணிக்கு மன்றத்தின் பின்னேற்பு' என்ற மாதிரி வரிகளுக்குள் நிறைய ஒளிந்திருக்கும். பின்னேற்பு என்றால் வேலை முடிந்த பிறகு தரும் ஒப்புதல். அரசாணைகளையும் பாருங்கள். விதியிலிருந்து விலக்கு அளித்து அரசாணை போட்டிருந்தால், விலக்கு கேட்டவர் யார், என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் நாமினேஷனில், அதாவது டெண்டர் இல்லாமல் நேராக, கொடுத்த வேலைகளை இயக்குநர் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007 ஜூலையில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மேலே சொன்ன மீரட் தீர்ப்பைக் காட்டித்தான் அதை விட்டார்கள். அப்படி வைத்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். மற்றபடி, உங்கள் பழைய ஒப்பந்தம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் முன்பே 'அடுத்த டெண்டர் எப்போது?' என்று எழுத்தில் கேட்பதுதான் நான் கண்ட நல்ல வழி. அந்தக் கடிதத்தின் நகல் பின்னால் கோர்ட்டில் பேசும்.

ஆர்.டி.ஐ.யில் என்னன்னு கேட்கணும்?

'முறைகேடு நடந்ததா?', 'ஏன் டெண்டர் விடவில்லை?' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்றால் 'கேள்வி தகவல் அல்ல' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். பணி ஆணை, ஒப்பந்தம், அந்தக் கொள்முதல் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், நிபுணர் குழுவை அமைத்த உத்தரவும் அதன் அறிக்கையும், விலை நியாயமானது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கான தாள், ஒப்புதல் கொடுத்தவரின் பதவியும் தேதியும், இதுவரை கொடுத்த பில் தொகை. இவ்வளவும் ஒரே மனுவில் போதும். கட்டணம் 10 ரூபாய்.

நகல் கேட்பதோடு கோப்பை நேரில் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நேரில் போனால்தான் எந்தத் தாள் எந்தத் தாளுக்கு அப்புறம் கோத்திருக்கிறது என்று தெரியும். ஒரு கோப்பில் 'வேறு கம்பெனி உண்டா என விசாரித்து வைக்கவும்' என்று மேலதிகாரி எழுதியதையும், அதற்குப் பதிலே இல்லாமல் அடுத்த பக்கத்தில் ஒப்புதல் இருந்ததையும் நான் என் கண்ணால் பார்த்தேன். நகல் வாங்கியவருக்கு அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை.

'வணிக ரகசியம், தர முடியாது'ன்னு பதில் வந்துடுச்சே?

அது அதே சட்டத்தின் 8(1)(டி) பிரிவு. கம்பெனியின் தயாரிப்பு முறை, செலவுக் கணக்கு மாதிரியானவற்றுக்கு அது பொருந்தலாம். அரசு ஏன் டெண்டர் விடவில்லை என்று அரசு அதிகாரி எழுதிய குறிப்பு எப்படி இன்னொருவரின் வணிக ரகசியமாகும்? முதல் மேல்முறையீட்டில் இதைச் சொல்லுங்கள். ரகசியமான பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லும் 10ஆவது பிரிவையும் குறிப்பிடுங்கள். ஆனால் மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்து கோர்ட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று கீழே 'எத்தனை நாளுக்குள்ள' என்ற கேள்வியில் வரும்.

கோர்ட்டுக்கு முன்னாடி அரசுகிட்டயே அப்பீல் போக முடியாதா?

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் அரசிடம் மேல்முறையீடு உண்டு, உத்தரவு கிடைத்து 10 நாளுக்குள். ஆனால் அது 'டெண்டர் போட்டவர்' செய்யும் மேல்முறையீடு. டெண்டரே விடாத இடத்தில் டெண்டர் போட்டவர் என்று யாரும் இல்லையே! இந்த வேடிக்கை பலருக்குப் புரிவதில்லை. அங்கே போய் 'நீ டெண்டர்தாரர் அல்ல' என்று பதில் வாங்குவதற்குள் நாள் ஓடிவிடும்.

அதனால் துறைச் செயலருக்கும் கொள்முதல் செய்த அலுவலகத்துக்கும் ஒரே நாளில் எதிர்ப்பு மனு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'இந்தப் பொருளை நானும் தருகிறேன், இந்த விலைக்குத் தருவேன், போட்டி நடத்துங்கள்' என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட், அதாவது அரசின் செயலை எதிர்த்து நேராக அங்கே போடும் மனு. தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை.

நான் டெண்டரே போடலையே, கேஸ் போட எனக்கு என்ன உரிமைன்னு கேட்பாங்களே?

கேட்பார்கள். போடுவதற்கு வாய்ப்பே தரவில்லை என்பதுதான் உங்கள் குறை. அதனால் போடவில்லை என்பது உங்களுக்கு எதிராகப் போகாது. ஆனால் வாய்ப்பு தந்திருந்தால் உங்களால் செய்திருக்க முடியும் என்று காட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு, அதே மாதிரி வேலை செய்த பழைய பணி ஆணைகள், விற்றுமுதல், தயாரிப்பாளர் கொடுத்த அங்கீகாரக் கடிதம் எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். இவை இல்லாமல் 'நானும் தொழிலில் இருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் முதல் நாளே வெளியே வந்துவிடுவீர்கள்.

சிலர் தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று தெரிந்தவரைப் பிடித்துப் பொதுநல வழக்குப் போடச் சொல்கிறார்கள். வேண்டாம். பின்னால் ஒரு போட்டிக் கம்பெனி இருக்கிறது என்று தெரிந்தால் நீதிமன்றம் அபராதத்தோடு அனுப்பிவிடும்.

எத்தனை நாளுக்குள்ள கேஸ் போடணும்?

ரிட்டுக்குச் சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. அதை நம்பித்தான் நான் கெட்டேன். என் வழக்கில் ஆர்.டி.ஐ. பதிலுக்கு முப்பது நாள், முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு மாதம், வக்கீல் தேட, பணம் புரட்ட என்று நாலு மாதம் போய்விட்டது. கையில் அருமையான ஆவணங்கள் இருந்தன. அதற்குள் பாதிக்கு மேல் கருவிகளைப் பொருத்தி, பில்லும் வாங்கிவிட்டார்கள். 'இனி இதில் ஒன்றுமில்லை' என்று மனு முடிந்தது. நீதிபதி என் ஆவணங்களைப் பாராட்டக்கூடச் செய்தார்!

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். தெரிந்த அன்றே எதிர்ப்பு மனு, அதே வாரம் ஆர்.டி.ஐ., மூன்று நான்கு வாரத்துக்குள் ரிட். ஆவணம் முழுதாகக் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோப்பைத் தாக்கல் செய்யச் சொல்லும்படி நீதிமன்றத்தையே கேட்கலாம்.

ஸ்டே கிடைக்குமா?

கடினம். வேலையை நிறுத்தினால் பொதுமக்களுக்கு என்ன நஷ்டம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 1998இல் தீர்ப்பான ரௌனக் இண்டர்நேஷனல் வழக்கில், இடைக்காலத் தடை வாங்கித் திட்டம் தாமதமாகி, மனுதாரர் கடைசியில் தோற்றால் அந்த நஷ்டத்தை அவர் ஈடு செய்ய வேண்டியிருக்கும் என்ற அளவுக்கு உச்ச நீதிமன்றம் போனது. சாலை, மின்சாரம், குடிநீர் மாதிரியான உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடையுத்தரவு கூடாது என்று 2018இல் குறித்த பரிகாரச் சட்டத்தை (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) திருத்தினார்கள். அது உரிமையியல் வழக்குகளுக்கானது என்றாலும், ரிட் விசாரிக்கும்போதும் அதை மனதில் வைக்க வேண்டும் என்று ஜார்க்கண்ட் சாலைப் பணி ஒன்றைப் பற்றிய 2022 தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

முழுத் தடை கேட்டு மறுக்கப்படுவதைவிட, 'இனிமேல் செய்யும் வேலை இந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது' என்று ஓர் உத்தரவு கேளுங்கள். அல்லது, புதிய டெண்டர் முடியும் வரைக்கும் மட்டும் அந்த நபரே தொடரட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். தண்ணீரை நிறுத்தச் சொல்லும் ஆள் இவன் இல்லை என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டும். அப்புறம், வேலை வாங்கியவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அவரைச் சேர்க்காமல் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய மாட்டார்கள்.

அவங்க விலை என்னோடதைவிட ரெண்டு மடங்கு. அதைக் காட்டினா போதாதா?

போதாது. நீதிமன்றம் விலை நிர்ணயிக்கும் இடமல்ல. எடுத்த முடிவைப் பார்க்காது, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும் என்று 1994இல் டாடா செல்லுலார் வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். விலை வித்தியாசத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'சந்தையை விசாரிக்கவே இல்லை, விசாரித்திருந்தால் இந்த விலை தெரிந்திருக்கும்' என்று அதைக் கோப்போடு கட்டிப் பேசினால்தான் எடுபடும்.

கோர்ட்டுக்கு வந்ததும் கவுண்டர்ல புதுசா ஒரு காரணம் சொல்றாங்களே?

கவுண்டர் என்றால் உங்கள் மனுவுக்கு அரசு தாக்கல் செய்யும் பதில். இதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டமான இடம். 1977 டிசம்பரில் தீர்ப்பான மொகிந்தர் சிங் கில் வழக்கில், உத்தரவில் இல்லாத காரணத்தைப் பின்னால் உறுதிமொழிப் பத்திரத்தில் சேர்த்து ஒட்டுப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உத்தரவு ஒன்றும் நாளாக ஆக ருசி கூடும் பழைய மது அல்ல என்ற நீதிபதி கிருஷ்ணய்யரின் வரியை எல்லா வக்கீலும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பணி ஆணை கொடுத்த அன்று கோப்பில் இருந்த காரணம் 'அவசரம்', கவுண்டரில் வந்தது 'ஒரே தயாரிப்பாளர்' என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டுக் கொடுங்கள்.

பழைய ஆளுக்கே ஆறு மாசம் ஆறு மாசமா நீட்டிச்சுட்டே போறாங்க. இதுவும் அதேதானா?

பெரும்பாலும் அதேதான், பெயர்தான் வேறு. முதல் ஒப்பந்தத்திலேயே நீட்டிப்புக்கு இடம் இருக்கிறதா, எத்தனை முறை என்று பாருங்கள். இருந்தால் அந்த அளவு வரை கேள்வி கேட்பது வீண். அதைத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு நீட்டிப்பும் டெண்டர் இல்லாத புது ஒப்பந்தம் என்று வாதிடலாம். அவசரத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். வேலையைத் துண்டு துண்டாக உடைத்துச் சின்னத் தொகை கொட்டேஷன்களாக வாங்குவதும் இதே குடும்பம். மத்திய விதிகளில் 157ஆவது விதி அதை நேரடியாகத் தடை செய்கிறது.

டெண்டர் விட்டாங்க, ஆனா கண்டிஷனெல்லாம் ஒரே கம்பெனிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

அது வேறு சண்டை, இதைவிடக் கடினம். நிபந்தனை வைப்பது வாங்குபவரின் உரிமை என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். டெண்டர் திறப்பதற்கு முன்பே, டெண்டர் போடுமுன் நடத்தும் விளக்கக் கூட்டத்தில் (பிரீ-பிட்) எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள். பேசாமல் கலந்துகொண்டு தோற்ற பிறகு நிபந்தனையைக் குறை சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஜெயிச்சா அந்த வேலை எனக்கு வருமா?

வராது. புது டெண்டர் வரும், அதில் நீங்களும் போடலாம், தோற்கவும் தோற்கலாம். இதைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

விஜிலென்ஸ்ல புகார் கொடுத்தா சீக்கிரம் நடக்காதா?

லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் கொடுங்கள். அது தனிப் பாதை, ஒப்பந்தத்தை நிறுத்தாது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்த்த 17ஏ பிரிவின்படி, அதிகாரி பதவியில் எடுத்த முடிவை விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும். ஆதாரமில்லாமல் ரிட் மனுவில் 'லஞ்சம் வாங்கிவிட்டார்' என்று எழுதாதீர்கள். நல்ல வழக்கும் அந்த ஒரு வரியால் கெட்டுப்போகும்.

எல்லாம் சரி அண்ணே, கேஸ் போட்டா அப்புறம் அந்த ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?

கருப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்களோ என்பதுதான் பயம் என்றால், நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் அப்படிச் செய்ய முடியாது. 1974இல் தீர்ப்பான எருசியன் எக்யூப்மென்ட் வழக்கிலிருந்து அது நிலைத்த சட்டம்.

ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை என்று தெரியும். பில் தாமதமாகும், போனை எடுக்க மாட்டார்கள், அளவு எடுக்க வரும் பொறியாளர் நாலு தடவை திருப்பி அனுப்புவார். எனக்கு ஒன்றரை வருடம் அப்படித்தான் போனது. பிறகு அதிகாரி மாறினார், அந்த அலுவலகம் டெண்டர் விட்டது. நானும் போட்டேன். மூன்றாவது இடம் வந்தேன்.